நுனி வெட்டுவதா, பிடுங்கி நடுவதா? மீன் தொட்டிச் செடிகளுக்கு எது சரி

மீன் தொட்டியில் செடி வைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் வந்து நிற்கும் கேள்வி இது. பின்வரிசையில் நட்ட ரோட்டாலா, ஹைக்ரோஃபிலா போன்ற நீளத் தண்டுச் செடிகள் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிடும். மேற்கொண்டு போக இடமில்லாமல் படுக்கையாக வளைந்து, தொட்டிக்கு மேல் ஒரு பச்சைக் கூரை போட்டுவிடும். கீழே இருட்டு. முன்வரிசைச் செடிகள் வெளுக்கும், மீன்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. வெட்டியாக வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி வெட்டுவது என்று கேட்டால்தான் இரண்டு விதமான பதில் வருகிறது. மேலே வெட்டிவிட்டு அடியை அப்படியே விடுங்கள் என்பார் ஒருவர். மொத்தமாகப் பிடுங்கி, நுனியை மட்டும் திரும்ப நடுங்கள் என்பார் இன்னொருவர். இருவரும் அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் அவரவர் தொட்டியை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்பதை வைத்து வெட்டும் முறையை முடிவு செய்யக் கூடாது. குனிந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், அடித்தண்டைப் பார்க்க வேண்டும். மணலுக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் பச்சை இலை இருக்கிறதா, அல்லது தண்டு மொட்டையாகப் பழுப்பேறிப் பாசி பிடித்துக் கிடக்கிறதா? முடிவு அங்கே இருக்கிறது.

பேசுவதற்கு வசதியாக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடிய 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம். மணலும் கல்லும் போக, மேலே கொஞ்சம் இடைவெளியும் விட்டால் 45 லிட்டர் நிற்கும். எல்.ஈ.டி. விளக்கு, ஒரு சாதாரண ஃபில்டர் உண்டு; செடி வேகமாக வளரத் தண்ணீரில் வாயு விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. செடிகள் சென்னை கொளத்தூர் மாதிரி ஓர் அலங்கார மீன் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கியவை. சிலிண்டரும் பலமான விளக்கும் உள்ள தொட்டிகளில் கணக்கு மாறும். மாறும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி: மேலே வெட்டி, அடியை விடுவது

தண்டின் நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கணுக்களில் உள்ள பக்க மொட்டுகள் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். நுனியை வெட்டியதும் அந்தக் கட்டுப்பாடு விலகிவிடுகிறது. வெட்டுக்குக் கீழே உள்ள கணுக்களிலிருந்து மொட்டுகள் கிளம்பும். ரோட்டாலா, ஹைக்ரோஃபிலா, நம் நீர்ப்பிரமியான பக்கோபா போன்று இலைகள் எதிரெதிராக இருக்கும் செடிகளில், ஒரு கணுவிலிருந்து இரண்டு கிளை வருவது சகஜம். மாடித் தோட்டத்தில் துளசியைக் கிள்ளிவிட்டால் தழைக்கிறதே, அதே இயக்கம்தான் தண்ணீருக்குள்ளும் நடக்கிறது.

இந்த வழியின் பெரிய லாபம், மணலைத் தொடவே வேண்டியதில்லை என்பது. வேர் அப்படியே இருக்கிறது, அதனால் செடி நின்று யோசிக்காமல் வளர்ச்சியைத் தொடரும். தண்ணீர் கலங்காது. மீன்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. வேலையும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்து தண்டு இருபது நுனியாகும், அடுத்த வெட்டில் இன்னும் பெருகும். புதர் போல அடர்த்தி வேண்டும் என்றால் இதைவிட நேரான வழி கிடையாது.

ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டினால், மேல் கணுவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெறுந்தண்டு எதற்கும் பயன்படாமல் அழுகும். உயரம் அதைவிட முக்கியம். தொட்டியில் கடைசியாக எந்த உயரத்தில் செடி நிற்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அந்த உயரத்தில் முதல் வெட்டு போடக் கூடாது. அதற்கு நன்றாகக் கீழே போட வேண்டும். 1 அடி தொட்டியில் மணலிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் முதல் வெட்டு போட்டால், கிளைகள் அங்கிருந்து கிளம்பி மேலே வர இடம் இருக்கும். இரண்டாவது வெட்டு முதல் வெட்டுக்கு இரண்டு விரல் மேலே, மூன்றாவது அதற்கும் மேலே. மேலேயே வெட்டி வெட்டிப் பழகிய தொட்டிகளில் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டது போல, மேலே மட்டும் கொத்தாக இருந்து கீழே வெறும் குச்சியாக நிற்பதற்குக் காரணம் இந்த முதல் வெட்டின் உயரம்தான்.

இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் மேல்பகுதி அடர்த்தியாகிறது, அந்த அடர்த்தி கீழே விழும் வெளிச்சத்தைக் குறைக்கிறது. வெளிச்சம் போதாத இலையைச் செடி வைத்துக்கொள்ளாது. அதில் உள்ள சத்தை உறிஞ்சி நுனிக்கு அனுப்பிவிட்டு உதிர்த்துவிடும். தழைச்சத்து, பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு இப்படி இடம் மாறக்கூடியவை. மூன்று நான்கு சுற்று வெட்டிய பிறகு அடித்தண்டு முதிர்ந்து கெட்டியாகும். அதில் இழைப்பாசி ஒட்டும், புதிதாக வரும் கிளைகளும் ஒல்லியாக, சின்ன இலைகளோடு வரும். அந்த நிலைக்கு வந்த செடியை இன்னும் மேலே மேலே வெட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எல்லாத் தண்டுச் செடிகளும் இந்த முறைக்கு ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்டாலா ரொட்டுண்டிஃபோலியா எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், வெட்ட வெட்ட அழகாகும். ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவும் அப்படித்தான். இது நம் இந்தியத் துணைக்கண்டத்துச் செடி. அமெரிக்காவில் இதைத் தீங்கு விளைவிக்கும் களையாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். கபோம்பா நேர்மாறு. நுனியை வெட்டிவிட்டால் அடியில் மிஞ்சுவது பார்க்கச் சகிக்காது, பக்கக் கிளையும் சோம்பலாகத்தான் வரும். கபோம்பா வைத்திருப்பவர்கள் இந்த வழியை மறந்துவிட்டு இரண்டாவதற்குப் போகலாம்.

இரண்டாவது வழி: பிடுங்கி, நுனியை நடுவது

செடியின் ஆரோக்கியமான பகுதி நுனிதான். வெளிச்சத்தில் வளர்ந்த இலைகள், பாசி பிடிக்காத தண்டு, ஓடிக்கொண்டிருக்கும் வளர்ச்சி. அதைக் காப்பாற்றிக்கொண்டு பழைய அடியைத் தூக்கிப் போடுவது இரண்டாவது வழி. இதில் தொட்டி அன்றைக்கே பார்க்க நன்றாக இருக்கும். முதல் வழியில் வெட்டிய மறுநாள் மொட்டைத் தண்டுகள்தான் தெரியும், புதிய கிளை வந்து மூட நாளாகும். இதில் வெட்டிய தடமே தெரியாமல் இலையோடு கூடிய நுனிகள் நிற்கும்.

விலை என்னவென்றால், வேர் போய்விடுகிறது. புதிய வேர் விட்டு நிலைகொள்ள ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். அதுவரை அது ஒரு குச்சி மட்டும். ஃபில்டர் வேகம் அதிகமாக இருந்தால் மிதந்து வரும். தரையைக் கிளறும் மீன்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம். கோல்ட்ஃபிஷ் இருக்கும் தொட்டியில் புது நுனி நட்டு, அது நட்ட இடத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தரையில் இரை தேடும் கோரிடோராஸ் மீனும் தெரியாமல் முட்டி முட்டிக் கிளப்பிவிடும். கப்பி, டெட்ரா, பீட்டா போன்ற மீன்கள் என்றால் இந்தக் கவலை இல்லை.

அதைவிடப் பெரிய விலை மணலுக்கு அடியில் இருக்கிறது. நன்றாக வேர் பிடித்த தண்டைப் பிடுங்கினால், அதோடு அடியில் மாதக்கணக்காக மீன் கழிவும் உணவுத் துகளும் படிந்த சேறும் மேலே வரும். வெறும் மணல் தொட்டி என்றால் கலங்கி அடங்கிவிடும். ஆனால் நம் ஊரில் பலரும் செலவு குறைவு என்று மணலுக்கு அடியில் செம்மண்ணோ மண்புழு உரமோ ஓர் அடுக்கு போட்டுத் தொட்டி அமைக்கிறார்கள். அது நல்ல முறைதான், செடிகள் அருமையாக வளரும். அந்தத் தொட்டியில் மட்டும் பிடுங்கும் வேலை கூடாது. உரம் மேலே வந்தால் தண்ணீர் கலங்குவது ஒரு பக்கம், அம்மோனியா கூடுவது இன்னொரு பக்கம். இறால் வளர்ப்பவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும்.

மண் அடுக்கு உள்ள தொட்டிக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பிடுங்காமல், மணல் மட்டத்தில் கத்தரியை வைத்து வெட்டிவிடுவது. வேர் உள்ளேயே இருந்து மெல்ல மட்கும், சில கட்டைகள் திரும்பத் துளிர்க்கவும் செய்யும். நுனிகளைப் பக்கத்தில் நட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் தொட்டி முழுக்க இப்படி வெட்டினால் அடியில் மட்கும் வேரின் அளவு அதிகமாகும், அதனால் ஒரு சிறு பகுதியாகச் செய்வது நல்லது.

நடும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழி தோற்றுப்போனதாகச் சொல்பவர்கள் பலரும் தோற்பது நடுவதில்தான். நுனி 10 முதல் 15 செ.மீ. நீளம் இருக்கட்டும். ஒரு விரல் நீளத் துண்டுகளாக நறுக்கினால் அவற்றுக்கு வேர் விடும்வரை தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருக்காது. அடியில் இரண்டு கணுக்களில் உள்ள இலைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மணலுக்குள் போகும் இலை அழுகத்தான் போகிறது, வேர் வருவதும் அந்தக் கணுவிலிருந்துதான். மணல் 5 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். நீள இடுக்கியால் தண்டின் அடிமுனையைப் பிடித்துச் சாய்வாக உள்ளே செருகி, இடுக்கியை மெல்லத் தளர்த்தி, இலேசாக ஆட்டியபடி வெளியே எடுக்க வேண்டும். நேராகச் செருகி நேராக இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக, இடையில் ஒரு விரல் இடம் விட்டு நடுவது அவசியம். கடையில் வாங்கிய கட்டை ரப்பர் பேண்டோடும் ஈயப் பட்டையோடும் அப்படியே புதைத்தால் நடுவில் உள்ள தண்டுகளுக்கு வெளிச்சமும் கிடைக்காது, நீரோட்டமும் கிடைக்காது. கட்டு நசுங்கும் இடத்திலேயே அழுகல் தொடங்கிவிடும்.

இரண்டு மரபுகள்

இந்த இரண்டு வழிகளுக்கும் பின்னால் இரண்டு மரபுகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் 1930களிலிருந்தே செடித் தொட்டி வளர்ப்பு ஒரு தோட்டக்கலை போல வளர்ந்தது. அங்கே ஒவ்வொரு செடி வகைக்கும் ஓர் இடம், ஓர் உயரம். முன்னால் குட்டை, பின்னால் நெட்டை என்று படிப்படியாக ஏறும் வரிசைகள். அந்த உயரம் பிசகக் கூடாது என்பதால் அவர்கள் நுனிகளை அளவாக வெட்டித் திரும்ப நடுவதையே விரும்பினார்கள். ஒவ்வொரு தண்டும் தனியாகத் தெரிய வேண்டும், பெரிய இலையோடு இருக்க வேண்டும்.

ஜப்பானில் செடித் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ, 1982ல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, 2015ல் மறையும்வரை வளர்த்தெடுத்த இயற்கைக் காட்சித் தொட்டிகளில் வேறு அழகு. அங்கே தண்டுச் செடி தனித் தண்டாகத் தெரியக் கூடாது. மலையடிவாரப் புதர் போல உருண்டு நிற்க வேண்டும். அதற்கு மேலே வெட்டி மேலே வெட்டிக் கிளைக்க விடுவதுதான் வழி. பலமான வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் சத்துள்ள மண்ணும் அதற்குத் துணை நிற்கின்றன. அந்தத் தொட்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, சிலிண்டர் இல்லாத நம் 2 அடித் தொட்டியில் அதே போல் மணலை ஒட்டி மொட்டையடித்தால், திரும்பத் துளிர்க்க வேண்டிய பலம் செடியிடம் இருக்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், படத்தில் தெரிவது அழகு மட்டும்தான், அதற்குப் பின்னால் உள்ள கார்பன் டை ஆக்சைடும் விளக்கும் தெரிவதில்லை.

ஆக, நம் தொட்டிக்கு எது? அடித்தண்டில் பச்சை இலை இருந்தால் மேலே வெட்டிவிட்டு அடியை விடுங்கள். கணுக்களில் உயிர் இருக்கிறது, துளிர்க்கும். அடி மொட்டையாகிவிட்டதென்றால் நுனியைக் காப்பாற்றி அடியைக் கழித்துவிடுங்கள். வெறும் மணல் என்றால் பிடுங்கலாம், மண் அடுக்கு இருந்தால் மணல் மட்டத்தில் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிலிண்டர் இல்லாத தொட்டியில் பொதுவாக இரண்டு மூன்று சுற்று மேல்வெட்டு, அப்புறம் ஒரு முறை புதுநடவு என்ற ஓட்டம் தானாகவே அமைந்துவிடும். ஒருவேளை பாதித் தண்டுகள் மொட்டை, பாதி பச்சை என்றால் மொட்டையானவற்றை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளிகளில் நுனிகளை நடலாம். எனக்குப் பிடித்ததும் இதுதான். புதருக்குள் வெளிச்சமும் நீரோட்டமும் நுழைய வழி கிடைக்கும், வெறுமையும் தெரியாது.

ஒரே நாளிலா, பிரித்துப் பிரித்தா

எப்படி வெட்டுவது என்பதற்கு அடுத்தது எவ்வளவு வெட்டுவது. இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை. சிலிண்டர் இல்லாத தொட்டியில் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செடியை எடுக்கக் கூடாது.

செடிகள் அந்தத் தொட்டியில் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நேராக உறிஞ்சுகின்றன. பகலில் ஆக்சிஜன் தருகின்றன. பாசிக்குக் கிடைக்க வேண்டிய சத்தையும் வெளிச்சத்தையும் முந்திக்கொண்டு எடுத்துக்கொள்கின்றன. பாதிச் செடியை ஒரே நாளில் எடுத்துவிட்டால் மீன்கள் அதே எண்ணிக்கை, உணவு அதே அளவு, விளக்கு அதே நேரம், ஆனால் வேலை செய்ய ஆள் பாதி. போதாததற்கு வெட்டுப்பட்ட தண்டுகளிலிருந்து சாறும் கசியும். பெரிய வெட்டுக்கு அடுத்த வாரமே பாசி வந்து மூடுவதாகப் பலர் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

பின்வரிசையை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் வெட்டினால் தொட்டி தடுமாறாது. ஒரு பக்கம் துளிர்த்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெட்டிய அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதும், ஒரு வாரத்துக்கு விளக்கை 6 மணி நேரத்தோடு நிறுத்துவதும், உணவைச் சற்றுக் குறைப்பதும் உதவும். சிலிண்டரும் பலமான விளக்கும் உள்ள தொட்டியில் வாரம் ஒரு முறை வெட்டினாலும் செடிக்கு ஈடுகொடுக்க முடியாது, அங்கே ஒரே மூச்சில் தைரியமாக வெட்டலாம். நம் தொட்டியில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சென்னையிலும் மதுரையிலும் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும், 32 டிகிரியில் 7.3தான். இரவில் செடியும் மீனும் பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனைப் பங்கு போடுகின்றன. அழுகும் இலை இருந்தால் அதற்கும் ஒரு பங்கு. அந்த நேரத்தில் மின்சாரம் போய் ஃபில்டர் நின்றால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அதனால் பிடுங்கி நடும் பெரிய வேலையை மாசி, பங்குனிக்குள் முடித்துவிட்டு, கோடையில் மேல்வெட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தண்ணீர் மட்டத்தை மூடியிருக்கும் பச்சைக் கூரையை மட்டும் கோடையிலும் விட்டுவைக்கக் கூடாது, மேற்பரப்பு அசைந்தால்தான் காற்று கலக்கும்.

தண்டில்லாத செடிகளுக்கு வேறு கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் கணுவும் நீண்ட தண்டும் உள்ள செடிகளுக்கு. மற்றவற்றுக்கு இதே கத்தரியோடு போனால் கெட்டுவிடும். காரணம் எளிது: வளரும் இடம் வேறு.

அமேசான் ஸ்வார்டுக்கு வளரும் இடம் நடுக்குருத்து. இலையைப் பாதியில் வெட்டினால் மீதிப் பாதி நீளாது, ஓரம் பழுப்பாகித் தொங்கும். வெளிச்சுற்றில் உள்ள பழைய இலைகளைக் காம்பு கிளம்பும் இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். கிரிப்டோகொரைனுக்கும் இதே முறைதான், ஆனால் கூடுதல் மரியாதை வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் வெண்ட்டியை, வாக்கரி, பெக்கெட்டியை என்ற வகைகள் எல்லாம் இலங்கையின் நீரோடைகளைச் சொந்த ஊராகக் கொண்டவை. இடம் மாற்றினாலோ வேரைக் கலைத்தாலோ ஒரு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடி போலாகிக் கரைந்துவிடும். வேர் உயிரோடு இருந்தால் மீண்டும் துளிர்க்கும், ஆனால் பொறுமை வேண்டும். பிடுங்கி நடுவது என்ற யோசனையே இந்தச் செடிக்குக் கிடையாது.

வாலிஸ்னேரியாவில்தான் உண்மையில் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. நாடா போன்ற இலைகள் மேற்பரப்பில் படர்ந்துவிட்டால், நுனிகளை நேர்கோட்டில் வெட்டலாம், நீள இலைகளை மட்டும் அடியோடு எடுக்கலாம், அல்லது கூட்டத்தில் சில செடிகளையே முழுதாக நீக்கலாம். நேர்கோட்டு வெட்டு சீக்கிரம் முடியும். கத்தரி கூர்மையாக இருந்தால் ஓரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பாகும், ஆனால் இலை முனைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நறுக்கியது போலத் தெரியும். நீள இலைகளை அடியோடு எடுப்பது பார்க்க இயல்பாக இருக்கும், நேரம் பிடிக்கும். நான் பரிந்துரைப்பது மூன்றாவதை. இந்தச் செடி ஓடுதண்டு விட்டுக் குட்டி போட்டுக்கொண்டே போகும். கூட்டம் நெருங்கியதும் பழைய தாய்ச்செடிகளை எடுத்துவிட்டு, ஓடுதண்டைக் கத்தரித்துக் குட்டிகளை விட்டுவிட்டால், ஒரு சில வாரத்துக்கு இலை நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் படுத்த தண்டிலிருந்து இலை விடுபவை. பழுத்த இலை, பாசி பிடித்த இலை என்று ஒவ்வொன்றாகக் காம்போடு எடுத்தால் போதும். செடி பெரிதாகிவிட்டால் அந்தத் தண்டையே இரண்டாக வெட்டலாம், ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலையாவது இருக்க வேண்டும். தண்டை மணலில் புதைக்காமல் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்ட வேண்டும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து நோய் என்று வெட்டிவிடுபவர்கள் உண்டு. வரிசையாக, மேடாக இருந்தால் அது பெரும்பாலும் வித்துத் தொகுதி. முதிர்ந்த இலையிலிருந்து குட்டிச் செடிகளும் முளைக்கும். அவை இரண்டு விரல் நீளம் வந்து வேர் விட்டபின் கிள்ளி வேறு கல்லில் கட்டினால் இலவசமாக ஒரு செடி.

ஜாவா மாஸைத் தொட்டிக்குள்ளேயே வெட்டினால் தூசி போலப் பறந்து ஃபில்டரிலும் மற்றச் செடிகளிலும் ஒட்டி, அங்கங்கே வளர ஆரம்பித்துவிடும். கல்லோடு வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் வைத்து வெட்டுவதே மேல். கல் அசைக்க முடியாததென்றால் ஒரு கையில் கத்தரி, மறு கையில் தண்ணீர் உறிஞ்சும் குழாய். தரையில் படரும் மான்டே கார்லோ போன்றவற்றைப் பரிதாபப்பட்டு வெட்டாமல் விட்டால், அடி அடுக்கு வெளிச்சமில்லாமல் வேரை விட்டு, ஒரு நாள் பாய் போல மொத்தமாக மிதந்து வரும்.

வெட்டும் வேலையே வேண்டாம் என்றால்

இன்னொரு தேர்வும் உண்டு. வேகமாக வளரும் செடிகளையே குறைத்துவிட்டு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் என்று மெதுவாக வளர்பவற்றுக்கு மாறுவது. வேலைக்குப் போய்வந்து நேரம் கிடைக்காதவர்களுக்கும் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கும் இது நல்ல முடிவு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாலு இலை எடுத்தால் போதும். ஆனால் புதுத் தொட்டியில் ஆரம்பத்திலேயே இதைச் செய்வது சரிப்படாது. முதல் சில மாதங்களில் கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் முழுதாக வளர்ந்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது வேகமாக வளரும் செடிகள்தான். மெதுவாக வளரும் இலையில் பாசி நிதானமாகக் குடியேறும் என்பதும் ஒரு சிக்கல், பளிச்சென்று விளக்கு போட்டால் அனுபியாஸ் இலையில் பாசி புள்ளி புள்ளியாகப் படிந்துவிடும். எனவே முதல் ஆறு மாதம் தண்டுச் செடிகளை வைத்து ஓட்டிவிட்டு, தொட்டி நிலைகொண்ட பிறகு ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே சரி. மேலே ஹார்ன்வொர்ட் ஒரு கொத்து மிதக்கவிட்டால், மாறும் காலத்தில் கழிவை அது பார்த்துக்கொள்ளும். அதற்கு வேரே இல்லை, நடுவதா வெட்டுவதா என்ற கேள்வியும் இல்லை. பழைய முனையைக் கிள்ளிப் போட்டுவிட்டு இளம் முனையை விட்டுவிடலாம்.

கருவிகளுக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். கூரான நீளக் கத்தரி ஒன்றும், 25 செ.மீ. இடுக்கி ஒன்றும் போதும். மழுங்கிய கத்தரி தண்டை வெட்டாது, நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். அலைபோல் வளைந்த கத்தரி தரைப்படர் செடிகளுக்கு மட்டும்தான் உண்மையிலேயே வசதி. வேலை தொடங்குமுன் விளக்கு, ஃபில்டர், ஏர் பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கையில் சோப்பு, கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. வெட்டிய துண்டுகள் மேலே மிதந்து ஒன்றுசேர்ந்ததும் சிறுகண் வலையால் அள்ளிவிட்டு ஃபில்டரை ஓடவிட வேண்டும். உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஓட்டம் நின்றால் மூச்சு முட்டும், அதனால் அரை மணி நேரத்துக்குள் ஓட ஆரம்பித்துவிடுவது நல்லது.

அள்ளியதை என்ன செய்வது என்பதும் வெட்டுவதைப் போலவே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். ஒரு கணு இருந்தால் போதும், ஹைக்ரோஃபிலா முழுச் செடியாகிவிடும். ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸின் உதிர்ந்த இலைகூட மிதந்துகொண்டே வேர் விடும். நம் தொட்டியில் லாபமாக இருக்கும் இந்தக் குணம் ஏரியிலும் வாய்க்காலிலும் நாசமாகும். 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்புப் பூவாகப் பூத்து, பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா ஃபர்கேட்டா, மீன் தொட்டிகளுக்காக வளர்க்கப்படும் செடி. நீரோட்டத்தை அடைத்து, உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்யக்கூடியது. ஆகாயத் தாமரையோடு நம் ஏரிகள் படும் பாடு போதும். வெட்டிய துண்டுகளைச் சாக்கடையிலோ குளத்திலோ வீச வேண்டாம், டாய்லெட்டிலும் கொட்ட வேண்டாம். நல்ல நுனிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒன்றிரண்டு நாள் தாங்கும், தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். மீதியை மொட்டை மாடி வெயிலில் சருகாகும்வரை காயவிட்டு, பூந்தொட்டி உரத்தில் சேர்த்துவிடலாம். காயப்போடும் முன் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். மாஸுக்குள்ளும் இலைகளுக்கு நடுவிலும் ஒளிந்திருக்கும் இறால் குஞ்சுகளும் கப்பிக் குட்டிகளும் வெளியே நீந்தி வரும், அவற்றைத் தொட்டிக்கே திருப்பி விடலாம்.